கை கொடுப்பதும் கை எடுப்பதும்

(கோலார் தங்கவயலில் அங்கன்வாடிப் பணியாளர்கள், மேற்பார்வை அலுவலர்கள், சமூகப்பணி மாணவர்கள் ஆகியோரிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சிறு குழந்தைக்கு எப்பொழுது உதவ வேண்டும், எப்பொழுது விலகி நிற்க வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். திண்ணையில் அமர்ந்து பாட்டிமார் பேசித் தீர்க்க வேண்டிய விஷயத்தை அலுவலர்கள் கூடியுள்ள அவையில் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் தொடங்கப்பெற்ற நாள் முதல், பள்ளிக்கு வாராத குழந்தையின் பொழுதும் அரசின் பொறுப்புகளுள் ஒன்றாகிவிட்டது. சத்துமாவு எத்தனை கிராம் என்பதைப் பேசுகிறோம். எடை எவ்வளவு என்பதைப் பேசுகிறோம். அந்தக் குழந்தை தன் கையால் என்ன செய்கிறது, அதற்காக நாம் என்ன செய்துவிடுகிறோம் என்பதைப் பேசுவது அரிது. பதிவேட்டில் அதற்கொரு கட்டம் இல்லாமையே காரணமாக இருக்கலாம்.

தங்கவயலின் நிலை

இவ்வூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் மாணவர்களுக்காகச் சில வரிகள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின், வடஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. பின்னர் நடுவணரசின் கைக்கு வந்து, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயிற்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகும் மக்கள் லைன் வீடுகளை விட்டுப் போய்விடவில்லை. வேலைதான் ஊரை விட்டுப் போயிற்று. மாரிக்குப்பத்திலும் கோரமண்டலிலும் ஊர்காமிலும் விடியுமுன் இரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று உழைத்து, இருட்டிய பிறகு திரும்பும் தாய் தந்தையர் இன்று ஆயிரக்கணக்கில் உள்ளனர்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை கண் விழிக்கும்போது தாய் வீட்டில் இல்லை. தாய் திரும்பும்போது குழந்தை தூக்கக் கலக்கத்தில் இருக்கிறது. பகல் முழுவதும் ஆயாவிடமும் தாத்தாவிடமும் அங்கன்வாடியிலும் கழிகிறது. ஆகவே ஒரு குழந்தைக்குக் கை கொடுப்பவர் மூவர். அம்மூவரும் வெவ்வேறு வேகத்தில் இயங்குகிறார்கள். ஆயாவுக்குப் பொழுது உண்டு. ஆனால் குழந்தை தடுமாறுவதைக் காணப் பொறுப்பதில்லை. தாய்க்குப் பொறுமை உண்டு, பொழுதில்லை. அங்கன்வாடிப் பணியாளருக்கோ இரண்டும் உண்டென்று நாம் கருதிக்கொண்டு, கையில் பதிவேடுகளையும், 2021 முதல் கைப்பேசிச் செயலியையும் கொடுத்துவிட்டோம்.

குழந்தைக்கு அளவு மீறி உதவுவதற்குப் பாசமே காரணம் என்று நூல்கள் கூறுகின்றன. நான் பார்த்த அளவில் பாசத்தைக் காட்டிலும் அவசரமே பெரிய காரணம். சட்டைப் பொத்தானைக் குழந்தை தானே மாட்ட முயன்றால் ஐந்து நிமிடம் ஆகும். நாம் மாட்டினால் அரை நிமிடம். "விடு கண்ணு, நான் போட்டுடறேன்" என்று ஆயா சொல்லும் சொல்லில் கனிவும் இருக்கிறது, கடிகாரமும் இருக்கிறது. விலகி நிற்பதற்குப் பணம் வேண்டாம், பொழுது வேண்டும். பொழுதோ, இரயிலுக்கு ஓடும் குடும்பங்களில் பணத்தைவிட அரிய பொருள். ஆகையால் தாய்மாரைக் கூட்டி வைத்து, குழந்தையைத் தானே செய்ய விடுங்கள் என்று பொதுப்படையாக அறிவுரை கூறிவிட்டு வருவதில் பயன் இல்லை. நாள்தோறும் ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் குழந்தைக்கு விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். இரவில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பது போன்ற ஒன்று. மற்றவற்றைத் தாய் செய்து கொடுத்தால் குற்றமில்லை.

உதவியின் படிகள்

உதவுவது அல்லது விட்டுவிடுவது என்று இரண்டே வழி இருப்பதாக எண்ணுவதால்தான் இவ்விஷயத்தில் வீண் வாதம் எழுகிறது. இடையில் பல படிகள் உள்ளன. 1976-இல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மூன்று, நான்கு, ஐந்து வயதுடைய 30 குழந்தைகளிடம், ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரத் துண்டுகளைக் கொடுத்துக் கூம்பு வடிவில் அடுக்கச் செய்தனர். கற்றுக்கொடுத்தவர் ஒருவரே. ஆயினும் வயதுக்கு ஏற்ப அவருடைய வேலை மாறிற்று. மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பயனில்லை; செய்து காட்டி, அதன் கவனத்தை வேலையின்பால் இழுத்து நிறுத்துவதே பெரும்பாடு. நான்கு வயதினரிடம் "இது சரியாகப் பொருந்துகிறதா, பார்" என்று சொன்னாலே போதும். ஐந்து வயதினர், தாம் செய்தது சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளவே பெரியவரை நாடினர்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1975-இல், உட்டும் டேவிட் மிடில்டனும் தாய்மார் தம் குழந்தைகளுக்கு இதே வேலையைக் கற்பிப்பதைக் கூர்ந்து பார்த்தனர். வாயால் பொதுவாக ஊக்குவது, இன்னதைச் செய் என்று குறிப்பாகச் சொல்வது, வேண்டிய துண்டைச் சுட்டிக் காட்டுவது, அதனை எடுத்துச் சரியாகத் திருப்பி வைத்துக் கொடுப்பது, முழுவதையும் செய்து காட்டுவது என உதவியை அவர்கள் ஐந்து படிகளாக வகுத்தனர். எந்தத் தாய்மார் கற்பித்த குழந்தைகள் பின்னர்த் தாமாகச் செய்ய வல்லவராயினர்? குழந்தை தவறினால் ஒரு படி கூடுதலாக உதவி, வெற்றி பெற்றால் ஒரு படி குறைத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகள். இவ்வளவுதான் விதி. ஓயாது செய்து காட்டியவர்களும் தோற்றனர். ஓயாது பேசிக்கொண்டே இருந்தவர்களும் தோற்றனர்.

அங்கன்வாடிச் சகோதரிகளுக்கு இது புதிதன்று. தட்டைக் கழுவி வைக்கத் தெரியாத பெண் குழந்தைக்கு முதல் நாள் செய்து காட்டுகிறீர்கள். நான்காம் நாள் கண்ணால் குழாயைக் காட்டுகிறீர்கள். பத்தாம் நாள் அது தானே போகிறது. அந்தப் பத்தாம் நாளில் நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் உங்கள் பணியே. அப்பொழுது உள்ளே வரும் மேற்பார்வையாளர், பணியாளர் சும்மா உட்கார்ந்திருப்பதாகக் குறிப்பு எழுதிவிடக்கூடாது.

சாரமும் முட்டும்

குழந்தைக்குத் தரும் இத்தகைய உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிடுவது ஆய்வாளர் வழக்கம். சுவர் எழும்வரை சாரம் நிற்கும், எழுந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். தங்கவயலில் இருந்துகொண்டு இந்த உவமையைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சுரங்கத்தில் பாறையைத் தாங்க மரமுட்டும் கருங்கல் சுவரும் கட்டினார்களே, அவற்றைச் சாரம் போல அவிழ்க்க முடியுமா? மேலே பாறை இருக்கும் வரை, கீழே ஆள் நடமாடும் வரை, முட்டு இருந்தே ஆக வேண்டும். பாறை வெடிப்பில் உறவினரை இழந்த குடும்பங்கள் இவ்வூரில் உண்டு. முட்டின் அருமையை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைக்குத் தரும் உதவியிலும் இவ்விருவகை உண்டு. பொத்தான், தட்டு, செருப்பு, வண்ணக்கோல், படிக்கட்டு ஆகியவற்றில் நாம் கட்டுவது சாரம். தண்ணீர்த் தொட்டி, நெருப்பு, சாலை, மண்மேடு ஆகியவற்றில் நாம் வைப்பது முட்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் விளையும் கேடு பெரிது. தட்டில் இரண்டு பருக்கை சிந்தியதற்கு ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிறோம். மூடியில்லாத தொட்டியின் அருகில் விளையாடுவதைப் பார்த்தும் பாராமல் இருக்கிறோம்.

இதனைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் உலக அளவில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடையேதான் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தண்ணீர் நாள்தோறும் வாராத ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் டிரம் இருக்கும், சம்ப் இருக்கும். நடை பழகிய குழந்தை வாளிக்குள் தலைகீழாகக் குனிந்து விழுந்தால், அதற்குத் தன்னைத் தூக்கி நிமிர்த்தும் வலு இல்லை. சத்தமும் வராது. இங்கே, தானே கற்றுக்கொள்ளட்டும் என்பதற்கு இடமே கிடையாது. மூடி போட வேண்டும். மூடிக்குமேல் பாரம் வைக்க வேண்டும். குழந்தை கண்ணில் பட வேண்டும்.

ஆலையில் அரைத்துப் பொன்னெடுத்த பின் கொட்டிய மண்மேடுகள் இன்னொன்று. அத்தகைய 13 மேடுகளில் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் மண் குவிந்து கிடப்பதாக அரசு மதிப்பிட்டுள்ளது. 2024-இல் அவற்றிலிருந்து மீண்டும் பொன்னெடுக்கும் முயற்சிக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. பொன்னைப் பற்றிய செய்தி நமக்கு இருக்கட்டும். சயனைட் மேடு என்று ஊரார் அழைக்கும் அந்த இடம் குழந்தையின் கண்ணுக்குச் சறுக்கி விளையாடத் தகுந்த வெண்மணல் குன்று. காற்றடிக்கும் மாதங்களில் அத்தூள் வீடு வரை வருகிறது. விளையாட்டு நல்லது, மண்ணில் ஆடுவது நல்லது என்றெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லும்போது, எந்த மண் என்று தங்கவயலில் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அங்கன்வாடி முற்றத்தில் நல்ல மணலும், கட்டிய வேலியும் இருந்தால், வேலிக்குள்ளே பணியாளர் தாராளமாக விலகி நிற்கலாம். முட்டு உறுதியாக இருக்கும் இடத்தில்தான் சாரத்தைத் துணிந்து அவிழ்க்க முடியும்.

நடைவண்டி

நம் முன்னோர் இக்கருத்தை மரத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். மூன்று சக்கர நடைவண்டியைப் பாருங்கள். குழந்தை தானாக எழுந்து நின்று பிடிக்கும் வரை அது வெறும் கட்டை. பிடித்துத் தள்ளினால் நகரும். குழந்தை கையை விட்டால் தானும் நின்றுவிடும். முயற்சி குழந்தையுடையது, துணை மட்டுமே வண்டியினுடையது. இப்பொழுது கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் 'வாக்கர்' அவ்வாறானதன்று. உட்கார வைத்துச் சுற்றிலும் அடைத்துவிடுகிறோம். நிற்கத் தெரியாத குழந்தை கால்விரலால் உந்தி அறை முழுவதும் ஓடுகிறது. படியில் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகள் பலவாகவே, கனடா நாடு 2004-இல் இதனை விற்பதையே தடை செய்தது. நடை விரைவில் வருவதும் இல்லை. முதற் பேரக்குழந்தைக்குப் பரிசாக இதை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் இங்கு வேரூன்றிவிட்டது. தொலைவில் அன்று, சென்னபட்டணத்தில், மரப் பொம்மை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

புடாபெஸ்ட் நகரில் 1946-இல் தாய் தந்தையற்ற குழந்தைகளுக்கான இல்லத்தை ஏற்று நடத்திய எம்மி பிக்லர் என்ற மருத்துவர், குழந்தை தானாக அடையாத எந்த நிலையிலும் அதை வைக்கலாகாது என்று பணியாளர்களுக்கு விதித்திருந்தார். உட்காரத் தெரியுமுன் தலையணை வைத்து உட்கார வைக்கலாகாது, நிற்குமுன் நிறுத்தலாகாது. ஆனால் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் உணவூட்டும்போதும் பணியாளர் முழுக் கவனத்தையும் அக்குழந்தையிடமே வைத்து, பேசிக்கொண்டே, அதன் ஒத்துழைப்பைப் பெற்றுச் செய்ய வேண்டும். கவனிப்பு வேளையில் நெருக்கம், விளையாட்டு வேளையில் விலகல். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: குளிப்பாட்டும்போது கவனம் எங்கோ இருக்கிறது, குழந்தை தானே விளையாடும்போது குறுக்கே போய்ப் பேசுகிறோம்.

தட்டும் களியும்

உணவைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. கோலார் நாட்டின் கேழ்வரகுக் களி குழந்தையின் கைக்கு ஏற்ற உணவு; பிய்க்கலாம், உருட்டலாம், குழம்பில் தோய்க்கலாம். இருந்தும் நான்கு வயது வரை ஆயா மடியில் வைத்து ஊட்டும் வீடுகள் உண்டு. சிந்தினால் வீண் என்ற அச்சம் அவர்களுக்கு. வேலை போன காலத்தில் ஒரு வேளை உணவை எண்ணி எண்ணிப் பங்கிட்ட தலைமுறையினர் அவர்கள். அந்த அச்சத்தை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் குழந்தையின் வயிறு நிரம்பியதை அறிவது குழந்தையே. வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பிய பிறகும் ஊட்டினால், அந்த அறிவு மங்கிவிடுகிறது. கைப்பேசியில் படத்தைக் காட்டி வாய்க்குள் தள்ளுவது அதனினும் தீது. ஆறு மாதத்தில் இணையுணவு தொடங்கும்போது ஊட்டத்தான் வேண்டும். ஒரு வயதையொட்டி விரலால் எடுத்துத் தின்னப் பழகும்; அப்போது குழந்தையின் கையிலும் ஒரு துண்டு, ஆயாவின் கையிலும் ஒரு துண்டு. இரண்டு வயதுக்கு மேல் முதற்பாதியைத் தானே உண்ணட்டும். அலுத்த பின் மீதியை ஊட்டலாம். ஆனால் எடை குறைந்து மெலிந்த குழந்தைக்கும், காய்ச்சலிலிருந்து எழுந்த குழந்தைக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே அருகில் அமர்ந்து, ஊக்கி, வேண்டுமானால் ஊட்டி, தட்டில் என்ன மிஞ்சியது என்று பார்க்க வேண்டும். வளர்ச்சி அட்டவணையைப் பாராமல், தானே சாப்பிடட்டும் என்று விடுவது விலகி நிற்பதாகாது, கைவிடுவதாகும்.

இரு மொழிகளுக்கிடையே

இவ்வூருக்கே உரிய ஒரு கேள்விக்கு வருகிறேன். வீட்டில் தமிழ், சில வீடுகளில் தெலுங்கு. அங்கன்வாடியில் கன்னடம். மூன்று வயதில் உள்ளே வரும் குழந்தை, முதல் சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள், வாயே திறப்பதில்லை. புதிய மொழிக்குள் புகும் குழந்தைகளிடம் இத்தகைய மௌனம் இயல்பாகக் காணப்படுவதே. வெளியே பேசவில்லையே தவிர, உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறது. அப்பொழுது, கன்னடத்தில் சொல், சொல் என்று வற்புறுத்துவது தவறு. குழந்தைக்காகப் பணியாளரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதும் தவறு. அது தண்ணீர் என்று தமிழில் கேட்டால் முதலில் தண்ணீரைக் கொடுங்கள். கொடுக்கும்போது 'நீரு' என்று இயல்பாக ஒருமுறை சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவ்விரு மொழிகளும் உடன்பிறந்தவை என்பது நமக்குப் பெரிய வசதி. நம் பால் அங்கே ஹாலு, நம் பல் ஹல்லு, பூ ஹூவு, பத்து ஹத்து. பகரம் ஹகரமாகும் இந்த உறவை நாம் இலக்கண வகுப்பில் கற்றோம். குழந்தை முற்றத்தில் பூப்பறிக்கும்போது தானாகவே கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்த நாளில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்! அதை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துக் கெடுக்காதீர்கள். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 2022-இல் வந்த அடிப்படை நிலைக்கான கலைத்திட்டச் சட்டகமும் வீட்டுமொழிக்கு முதலிடம் தந்துள்ளன. இரு மொழியும் அறிந்த பணியாளர்கள் இங்கு உள்ளனர். வேறிடங்களில் தேடியும் கிடைக்காத செல்வம் அது.

ஆனால் இங்கேயும் ஒரு முட்டு வேண்டும். மௌனமாக இருக்கும் எல்லாக் குழந்தைகளும் மொழி புதிதாயிருப்பதால் மௌனமாக இல்லை. சிலருக்குக் காது கேட்பதில்லை. பணியாளர், "தமிழ்க் குழந்தை, போகப்போகப் பேசும்" என்று காத்திருக்கிறார். ஆயா, "அவங்க அப்பனும் அப்படித்தான், நேரங்கழிச்சுத்தான் பேசினான்" என்று காத்திருக்கிறார். இரு பக்கமும் பொறுமையாக இருந்து இரண்டாண்டு போய்விடுகிறது. மொழியைக் கற்கும் மூளைக்கு அந்த ஆண்டுகள் திரும்பி வாரா. செய்ய வேண்டுவது ஒரே ஒரு கேள்வி. ஆயாவை அழைத்து, "வீட்டில் தமிழில் வாக்கியமாகப் பேசுகிறானா? முதுகுப்புறமிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறானா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் நிம்மதியாகக் காத்திருங்கள். இல்லை என்றால் அன்றே மருத்துவப் பரிசோதனைக்கு எழுதுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் இதற்காகவே அங்கன்வாடிகளுக்கு வருகிறார்கள். மாற்றுத் திறனாளிக் குழந்தைகளுக்கென அங்கன்வாடி நெறிமுறை ஒன்றும் 2023-இல் நடுவணரசால் வெளியிடப்பட்டுள்ளது. பிறந்து பல மாதமாகியும் தலை நிற்காமை, ஒன்றரை வயதுக்குப் பின்னும் நடவாமை, கற்ற சொற்களை இழத்தல் இவையும் அவ்வாறே. தானாக வந்துவிடும் என்ற சொல்லுக்கு ஓர் எல்லைத் தேதி வேண்டும்.

சுவரில் தொங்கும் படங்கள்

அங்கன்வாடி என்ற சொல்லின் வரலாற்றை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. மராத்திய நாட்டில் போர்டியிலும் பின்னர்க் கோஸ்பாட்டிலும் பழங்குடிக் குழந்தைகளிடையே பணியாற்றிய தாராபாய் மோடக், அனுதாய் வாக் ஆகியோர், குழந்தைகள் பள்ளிக்கு வாராமை கண்டு, பள்ளியைக் குடிசைகளின் முற்றத்துக்கே கொண்டு சென்றனர். அங்கன் என்றால் முற்றம். 1939-இல் அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், பொத்தான் மாட்டிப் பழகச் சட்டகம் செய்திருந்தார். நம் மையங்களில் அதற்குப் பணமில்லை என்று வருந்த வேண்டாம். பெரிய பொத்தான் வைத்த பழைய சட்டையைப் பலகையில் அறைந்தால் போதும். கற்கும் பொருள் உள்ளூரில் கிடைப்பதாகவும், குழந்தையின் கைக்கு எட்டுவதாகவும் இருக்க வேண்டுமென்பதே அவர்கள் காட்டிய வழி.

இன்று என்ன காண்கிறோம்? மையங்களின் சுவரில் அழகிய படங்கள் தொங்குகின்றன. யானைக்குக் கோடு பிசகாமல் வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது. நான்கு வயதுக் குழந்தை அவ்வாறு தீட்டாது என்பது நமக்குத் தெரியும், தீட்டியவருக்கும் தெரியும். அதிகாரி வருகிறார் என்ற செய்தி வந்ததும், குழந்தையின் கையைப் பிடித்தோ பிடிக்காமலோ பணியாளரே வரைந்துவிடுகிறார். பழி அவருடையதன்று. ஒழுங்காக இருப்பதைப் பாராட்டிக் கையொப்பமிட்டவர்கள் நாம்.

கையைப் பிடித்து எழுத வைப்பதும் அப்படியே. விஜயதசமியன்று அரிசித் தட்டில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைப்பது மங்கலம். அது ஒரு நாள் நிகழ்ச்சி. அதையே நாள்தோறும் பென்சிலைக் கொடுத்துச் செய்தால் எழுதுவது நம் கை. குழந்தையின் கை சவாரி செய்கிறது. பக்கத்து ஆங்கிலப் பள்ளியில் மூன்று வயதிலேயே எழுதுகிறார்களே என்று பெற்றோர் கேட்பார்கள். நாள் முழுதும் பிறர் வீட்டிலோ தொழிற்சாலையிலோ உழைத்துத் திரும்பும் தாய், தன் பிள்ளை தன்னைப் போல் ஆகாதிருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டுக் கேட்கும் கேள்வி அது. அதை அலட்சியம் செய்யலாகாது. களி உருட்டிய விரலும் மணலில் கோடு கிழித்த விரலும்தான் பென்சிலைப் பிடிக்கப் போகின்றன என்பதை, குழந்தையை அழைத்துச் செய்து காட்டச் சொல்லி அவளுக்கு விளக்க வேண்டும்.

ஆய்வுக்குச் செல்லும் அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையிடம் கேள்வி கேட்டால் காத்திருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு விநாடியே பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி பொறுத்தபோது விடைகள் நீண்டன. பேசாதிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். இது 1970-களில் நிலைநாட்டப்பட்ட செய்தி. மூன்று விநாடி என்பது சொல்லுகையில் சிறிது. அலுவலர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து, எதிரில் குழந்தை விழித்துக்கொண்டு நிற்க, பின்னால் பணியாளர் உதட்டசைத்துக் கொடுக்க, பொறுத்துப் பாருங்கள். அது எவ்வளவு நீளம் என்பது தெரியும். நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தால் இன்னும் நல்லது.

காலமும் நேரமும்

பணியாளருக்கு விலகி நிற்கும் பொழுதைத் தருவது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. காலையில் முதல் ஒன்றரை மணி நேரத்தில் கைப்பேசிப் பதிவு, கணக்கெடுப்பு, கூட்டத்துக்கு அழைப்பு எதுவும் இல்லாதபடி செய்ய வட்டார அளவிலேயே இயலும். தனி நிதி வேண்டாம். ஆய்வுக் குறிப்பில், சுவர்ப் படங்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக, குழந்தைகள் தாமே செய்யக் கண்ட செயல்கள் எவை என்று இரண்டு வரி எழுதலாம். புதிதாகச் சேரும் குழந்தையோடு ஆயாவோ தாத்தாவோ முதல் வாரம் முழுவதும் உள்ளே அமர இசைவு தரலாம். நாளுக்கு நாள் சிறிது தள்ளி அமரட்டும், பின்னர் வாசலில், பின்னர் வீட்டில்.

இவை செய்யக் கூடியவை. கடினமானது மையத்தின் நேரம். அங்கன்வாடி பிற்பகலில் மூடுகிறது. இரயில் இரவில் வருகிறது. இடையிலுள்ள மணிகளில் குழந்தையைத் தாங்குவது அறுபது, எழுபது வயதைக் கடந்த கைகள். சுரங்கத்தில் பாறைத் தூளை மூச்சிழுத்து நுரையீரல் கெட்ட தாத்தாவால், சம்பை நோக்கி ஓடும் குழந்தையைத் துரத்திப் பிடிக்க முடியாது. அதனால் கட்டிலோடு கட்டிப் போடாத குறையாக வைத்திருக்கிறார். அவரிடம் போய் விலகி நில்லுங்கள் என்று எதைச் சொல்வது? 2022-இல் 'மிஷன் சக்தி'யின் கீழ் வந்த 'பால்னா' திட்டம், அங்கன்வாடியோடு சேர்ந்த குழந்தைக் காப்பகத்துக்கு வழி செய்துள்ளது. 2023-இல் கர்நாடக அரசு அறிவித்த 'கூசின மனெ' காப்பகங்கள் கிராமப் பஞ்சாயத்துகளுக்கானவை. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் தங்கவயலின் லைன்களுக்கு அவை வாரா. ஆகவே இங்கு 'பால்னா'வையே கேட்க வேண்டும். கேட்கும்போது வழக்கமான அலுவலக நேரத்தைக் கேளாதீர்கள். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் முதல் இரயிலின் நேரத்தையும், கடைசியாக வந்து சேரும் இரயிலின் நேரத்தையும் விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.